சயாம் இரயிற்பாதையும் ஒரு பிடி பயறும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் நான். ஆசிரியப் பணியின் தொடக்கக் காலத்தில், ஒருநாள் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, எங்கள் தாத்தா மலாயாவில் இரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சண்டைக் காலத்தில் சயாமுக்கு இரயில் போடக் கொண்டுபோனார்களாம். திரும்பவே இல்லை. அது இந்தப் பாடத்தில் எங்கே வருகிறது?” என்று கேட்டான். “அது தேர்வுக்கு வராது, உட்கார்” என்றேன். அந்த விடைக்காக இன்றும் நாணுகிறேன்.

ஓய்வு பெற்ற பின், அவ்விடத்தை ஒருமுறை நேரிற் காண வேண்டுமென்ற எண்ணம் வலுத்தது. துணைக்கு எவரும் இல்லை. சயாம் என்று நம் முன்னோர் அழைத்த தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கிலிருந்து ஒரு நாட்காலை இரயிலேறிக் காஞ்சனபுரியை அடைந்தேன்.

அவ்வூரில் ஆற்றங்கரையிலே, பௌத்த மடமொன்றின் தலைமைத் துறவி 1977ஆம் ஆண்டில் நிறுவிய போர்க் காட்சிசாலை இருக்கிறது. கைதிகள் அடைபட்டுக் கிடந்த மூங்கிற் கொட்டகையின் மாதிரியாக அமைந்தது அது. மூங்கிற் பரண்களுக்கு மேலே, எலும்பும் தோலுமாய் நிற்கும் மனிதர்களின் படங்கள் தொங்குகின்றன.

பர்மாவையும் சயாமையும் இணைக்க ஜப்பானியப் படையினர் 1942இல் தொடங்கிய பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். காட்டையும் பாறையையும் பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே பிளந்து, 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களுள் 12,000க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சம் பேர் வரை இருந்தனர் என்பர். பர்மியர், மலாய்க்காரர், சாவகர் ஆகியோருடன், மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழரும் பெருந்தொகையினர். இத்தொழிலாளருள் மாண்டவர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

அக்காட்சிசாலைக்கு ‘ஜீத்’ என்று பெயர். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கிலப் பெயர்களிலுள்ள முதலெழுத்துகளைக் கோத்து அமைத்தது அது. அதிகமாக மாண்டவர்களுடைய நாடுகளுக்கு அப்பெயரில் ஓர் எழுத்தும் இல்லை. ஊர் நடுவிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் துயில்கின்றனர். வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். சுற்றிலும் பேணி வளர்த்த புல். பார்க்கவே மனம் நெகிழ்ந்தது. ஆனால் நான் தேடிவந்த பெயர் அங்கே எப்படி இருக்கும்?

நண்பகலில் பசி எடுத்தது. கால்போன போக்கிலே சந்தைக்குள் நுழைந்தேன். தேங்காய்ப்பாலும் அரிசியும் சேர்த்து மூங்கிற் குழாயில் அடைத்துச் சுட்ட பண்டம், பம்பளிமாசு, கீரைக் கட்டுகள், குவியல் குவியலாகப் பாசிப்பயறு, கூடை நிறைய வாத்து முட்டை! என் காலைக் கட்டி நிறுத்தியவை அம்முட்டைகளே.

ஏனென்று சொல்கிறேன். போர்க்கைதிகளுக்குச் சிறு கூலி கொடுக்கப்பட்டது. அதைக்கொண்டு தாய்லாந்து வணிகரிடம் வாத்து முட்டை வாங்கித் தின்று பலர் உயிர் பிழைத்தனர். இவ்வூர் வணிகரான பூன்போங் என்பவர், உணவுப் பொருளோடு மருந்தையும் மறைத்து அனுப்பி உதவினார். அவர்களிடையே இராணுவ மருத்துவர்களும் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்கச் செய்யும் கட்டுப்பாடும் இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கோ மருத்துவரும் இல்லை, தலைவரும் இல்லை. 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, முகாம் முகாமாக மடிந்தனர்.

மற்றொரு பகைவன் பெரிபெரி நோய். தவிடு நீக்கித் தீட்டிய வெள்ளையரிசியை மட்டுமே உண்போருக்கு வைட்டமின் பி1 குறைவதால் வருவது அது. நெல்லைப் புழுக்கிக் குத்தினால் அச்சத்து அரிசிக்குள்ளேயே தங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவிலிருந்த மருத்துவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி வாட்டியது, புழுங்கலரிசி உண்ட தமிழரை அது அவ்வளவாக அணுகவில்லை. நம் பாட்டிமார் அறிவு காத்துவந்த அம்மக்களை, அக்காவல் இல்லாத காட்டுக்குக் கொண்டுபோனது போர். நாளுக்கு ஒரு பிடி பயறு கிடைத்திருந்தால்கூடப் பலர் அந்நோய்க்குத் தப்பியிருப்பர்.

சந்தையில் மூதாட்டி ஒருத்தியிடம் வேகவைத்த பயறு கொஞ்சம் வாங்கினேன். மொழி தெரியாததால் உள்ளங்கையிற் காசுகளை விரித்து நீட்டினேன். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் விரல்களை மடக்கி மூடினாள். ஆற்றங்கரையில் அமர்ந்து அதைத் தின்றேன். எளிதில் விழுங்க முடியவில்லை.

மாணவர்களே, பிற்காலத்தில் அத்தொழிலாளருக்கு நினைவுச் சின்னங்கள் எழுந்தன; ஆனால் பெரும்பாலோரின் பெயர்கள் மீளவில்லை. உங்கள் இல்லங்களிலே முதியோர் இருந்தால், மலாயாவுக்கோ பர்மாவுக்கோ சென்று திரும்பாதவர் உண்டா என்று கேளுங்கள். பெயரையும் ஊரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அது தேர்வுக்கு வராமற் போகலாம். ஆயினும் அதுவும் வரலாறே என்று, அன்று அம்மாணவனுக்குச் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.