செம்பில் எழுதிய வாக்கு

திருவாலங்காடு என்றதும் நடராசரின் ரத்தின சபை நினைவுக்கு வரும். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம்.

1905-இல் இங்கே ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன, மொத்தம் 31 ஏடுகள். சோழர் வம்சாவளி, கங்கைப் படையெடுப்பு, கடார வெற்றி எல்லாம் அதில் உண்டு. பக்கத்துப் பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம் அது.

அதே பழையனூரில்தான், "உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்று ஒரு வணிகனுக்குச் சொன்ன எழுபது வேளாளர்கள், நீலி என்ற பேய் அவனைக் கொன்றதும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. நீலிக் கண்ணீர் என்கிறோமே, அந்த நீலிதான்!

அரசன் வாக்கைச் செம்பில் எழுதிவைத்தான். ஊரார் எழுதாமலே காப்பாற்றினார்கள். நாமோ முத்திரைத்தாளில் எழுதிவிட்டு வக்கீலைத் தேடுகிறோம்!