மெனு திறக்காதபோது என்ன செய்யலாம்?

(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கென ஓர் இணையப் பக்கம் உருவாக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேலே ‘மாணவர் பகுதி’ என்று ஒரு மெனு. அதன் அடியில் பாடங்கள், வினாத்தாள்கள், உதவித்தொகைப் படிவம். ஆய்வகக் கணினியில் எல்லாம் சரியாகத் திறக்கிறது. வீட்டில் அம்மாவின் செல்பேசியில் பார்க்கும் மாணவிக்கோ மெனு விரியவில்லை. கடைசி நாள் கடந்துவிட்டால் இழப்பு அவளுக்குத்தான். அதனால்தான் இது கணினி ஆசிரியர் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அன்று.

ஒரே பக்கம் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது? இணையதளம் நமக்கு அனுப்புவது, ‘இதை இப்படிக் காட்டு’ என்னும் குறிப்புகளை. அவற்றைப் படித்துப் பக்கத்தை வரைவது உலாவி. ஒரே குறிப்பை எல்லா உலாவிகளும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, சுட்டியை மேலே நிறுத்தினால் தோற்றம் மாறும் வசதியை இணைப்புகளுக்கு மட்டுமே தந்தது; பட்டியலின் மற்ற உறுப்புகளுக்குத் தரவில்லை. அதனால் பயர்பாக்ஸில் விரிந்த மெனுக்கள் அதில் விரியவில்லை. இன்று அதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. தொடுதிரையில் விரலால் தொடலாம். சுட்டியைப் போல மேலே நிறுத்தி வைக்க முடியாது.

மெனு திறக்காவிட்டால் பதறாமல், வரிசையாகச் சோதியுங்கள்.

முதலில், வேறோர் உலாவியில் திறந்து பாருங்கள். குரோமுக்குப் பதில் எட்ஜில் பார்ப்பது போதாது. 2020 முதல் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றே. பயர்பாக்ஸின் இயந்திரம் வேறு. அதில் திறந்தால் பக்கத்துக்கும் முதல் உலாவிக்கும் இடையில்தான் சிக்கல்.

இரண்டாவது, அதே உலாவியில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால், சேமித்து வைத்த பழைய கோப்போ விளம்பரத் தடுப்பு போன்ற நீட்சியோ காரணமாக இருக்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பக்கம் புதிதாக இறங்கும். பாதி நிரப்பிய படிவம் திரையில் இருந்தால் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பக்கத்தின் அளவைப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கியிருந்தால், சில தளங்கள் மெனுவை மூன்று கோடுகளுக்குள் மறைத்துவிடும். கண்ட்ரோலுடன் சுழியத்தை அழுத்தினால் இயல்பு அளவுக்குத் திரும்பும்.

நான்காவது, இணைப்பை அழுத்தியும் புதிய சாளரம் வரவில்லை என்றால், முகவரிப் பட்டையில் பாப்-அப் தடுக்கப்பட்டதற்கான குறி இருக்கிறதா என்று பாருங்கள். நம்பகமான தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

இவற்றில் எதுவும் பலிக்காத பழைய தளங்களும் உண்டு. பிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. பிளாஷில் செய்த மெனுக்கள் இன்று வெற்றிடமாகத்தான் தெரியும். இதைத் தளத்தை நடத்துபவர்தான் மாற்றியமைக்க வேண்டும். அவருக்கு ‘திறக்கவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கருவி, எந்த உலாவி, அதன் பதிப்பு எண், எதை அழுத்தினீர்கள், என்ன நடந்தது என்று எழுதி, திரைப்படப்பிடிப்பையும் இணைத்தால் அவரால் விரைவில் சரிசெய்ய முடியும்.

பள்ளிப் பக்கத்தை நாமே உருவாக்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் கொள்வோம். மெனு அழுத்தினால் விரியட்டும். சுட்டியை நிறுத்தினால் மட்டும் விரிவதாக இருக்க வேண்டாம். அடுத்து, ‘மாணவர் பகுதி’ என்ற தலைப்பே ஒரு முழுப் பக்கத்துக்கான இணைப்பாகவும் இருக்கட்டும். உள்ளே உள்ள எல்லா இணைப்புகளும் அந்தப் பக்கத்தில் வரிசையாக இருக்கட்டும். மெனு விரியாவிட்டாலும் மாணவர் போக ஒரு வழி இருக்கும்.

பிறகு சுட்டியைத் தொடாமல் டேப், என்டர் விசைகளால் மட்டும் படிவம் வரை போய்ப் பாருங்கள். சுட்டியைப் பயன்படுத்த இயலாத பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் செல்லும் வழி அதுதான். விலை குறைந்த ஒரு செல்பேசியிலும் சோதியுங்கள். இந்தச் சோதனைகளை மாணவர் குழு ஒன்றிடமே ஒப்படைக்கலாம். எங்கே திறந்தது, எங்கே திறக்கவில்லை என்று அவர்கள் போடும் அட்டவணை, அறிவியல் பாடத்தில் நாம் கற்பிக்கும் உற்றுநோக்கலுக்கும் நல்ல பயிற்சி.