கைநாட்டும் கைபேசியும்



எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று எள்ளி நகைப்பது நம் ஊர் வழக்கம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டு, ஒட்டிய மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு வெளியே வரும் பாட்டன்மாரை நாம் சிறு வயதில் கண்டிருக்கிறோம். தம் பிள்ளைகளை அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே அந்த மைக்கறை அடுத்த தலைமுறையின் விரலில் படியாதிருக்கத்தான். பிள்ளைகள் படித்தார்கள், பட்டம் பெற்றார்கள், வேலை தேடிப் பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் அந்தமானுக்கும் போனார்கள். இன்று அவர்கள் அனைவரும் கைபேசியைத் திறப்பதற்காக நாளொன்றுக்கு ஐம்பது முறை கைநாட்டு வைக்கிறார்கள். மை இல்லை, அவ்வளவே வேற்றுமை.

இந்த விரற்பூட்டு எத்துணை நம்பத்தக்கது, எத்துணைக் காவல் உடையது என்பதைப் பற்றி இன்று பேசக் கருதினோம். நாம் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவர்; பொறியியல் வல்லுநர் அல்லோம். எனினும், சென்ற மழைக்காலத்தில் நம் அண்டை வீட்டில் நிகழ்ந்த ஒன்று இப்பொருளைச் சற்று ஆழ்ந்து படிக்கும்படி நம்மைத் தூண்டிற்று.

போர்ட் பிளேர் நகரம் 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்குகிறது. இத்தீவுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்பது 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு தரும் செய்தி. அண்டை வீட்டுப் பெரியவரும் அவர்களில் ஒருவர். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளமையில் கப்பலேறி வந்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பின்னர் சிறு கடை வைத்து, மகனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டு, மனைவியுடன் அமைதியாக வாழ்ந்து வருபவர். ஒரு சனிக்கிழமை இரவு அவர் திடீரென்று சாய்ந்தார், வாய் குழறிற்று, வலக்கை விழுந்துவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். எந்த எந்த மாத்திரை சாப்பிட்டு வருகிறார் என்று மருத்துவர் கேட்டார். மருந்துச் சீட்டின் படம் கைபேசியில் இருந்தது. மகன் அண்மையில் மாற்றிக்கொண்ட தொலைபேசி எண்ணும் அதில்தான் இருந்தது.

அந்த அம்மாள் கணவரின் பெருவிரலைத் தம் முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிமேல் வைத்தார்கள். திறக்கவில்லை. மழையில் நனைந்து வந்த விரல். சுமை தூக்கித் தேய்ந்த விரல். மறுபடியும் முயல்வதற்குள் மின்சேமிப்புத் தீர்ந்து கருவி அணைந்தது. மின்னூட்டி மீண்டும் உயிர்ப்பித்தபோது, இனி விரல் வேண்டா, இரகசிய எண்ணைச் சொல் என்று அது கேட்டது. "தம்பி, உங்க பெரியப்பா விரலே இங்க இருக்கே, வேற என்னப்பா வேணும் அதுக்கு?" என்று அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. திருமண நாள், மகன் பிறந்த ஆண்டு என்று ஐந்து முறை எண்களை இட்டுப் பார்த்தோம். பிறகு கருவி சற்று நேரம் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டது.

அந்த விடையை இப்போது சொல்லலாம். இக்காலத்துக் கைபேசியில் உள்ள படங்களும் எண்களும் மறைமொழியாக்கி வைக்கப்பட்டுள்ளன. அம்மறைமொழியை அவிழ்க்கும் திறவுகோல் இரகசிய எண்ணோடு பிணைந்தது, விரலோடன்று. பழைய வீடுகளின் பெருங்கதவில் திட்டிவாசல் ஒன்று வைத்திருப்பார்கள் அல்லவா? எண்ணே பெருங்கதவு; விரல் திட்டிவாசல். பெருங்கதவை ஒருமுறை எண்ணால் திறந்துவைத்த பிறகே திட்டிவாசல் வழியாகப் போய்வர இயலும். கருவி அணைந்து எழுந்தால் எண்தான் வேண்டும். ஐபோன் 48 மணி நேரம் திறக்கப்படாமல் இருந்தாலும் எண்ணைக் கேட்கும். ஆண்ட்ராய்டு வகைக் கருவிகள் பலவும் மூன்று நாளுக்கு ஒருமுறையேனும் கேட்கின்றன. நம்மில் பலர் விரலையே நம்பி எண்ணை மறந்துபோகிறோம். இது தலைகீழ்ப் பாடம்.

விரல் ஏன் சில வேளை ஏற்கப்படுவதில்லை என்பதும் அறியத்தக்கது. விரல் நுனியில் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன. கருவியிலுள்ள சிறு தகடு, மேடு தொடும் இடத்துக்கும் பள்ளம் விலகி நிற்கும் இடத்துக்கும் உள்ள மின்வேற்றுமையை அளந்து அவ்வரிகளை உணர்கிறது. வேறு சில கருவிகள் ஒளியால் படம் எடுக்கின்றன. இன்னும் சில, செவிக்கு எட்டாத ஒலியலையை அனுப்பி எதிரொலியால் அறிகின்றன. தகட்டு வகையில் நீர் பட்டால் பள்ளங்கள் நிரம்பிப் போகின்றன. மேடு எது, பள்ளம் எது என்று அதற்குத் தெரிவதில்லை. ஆண்டில் பெரும் பகுதி மழையும் புழுக்கமுமாக இருக்கும் இத்தீவுகளில் இது அன்றாடத் தொல்லை. ஜங்கிலிகாட் மீன்துறையில் பனிக்கட்டியும் உப்புநீருமாக உழைப்போரின் விரல், சுண்ணாம்பும் சிமென்டும் குழைப்போரின் விரல், பாத்திரம் துலக்கும் தாய்மார்களின் விரல், முதுமையில் உலர்ந்து மெலிந்த விரல் ஆகியவை எங்கும் தொல்லைப்படுபவை. உழைப்பவனைத்தான் இந்தப் பூட்டு அடிக்கடி வெளியே நிறுத்துகிறது என்பது நமக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

கருவி செய்பவர்கள் இதை அறியாதவர் அல்லர். ஆனால் அவர்களுடைய கையில் இருப்பது ஒரு சல்லடை. கண்ணைப் பெரிதாக்கினால் அயலான் விரலும் நுழைந்துவிடும். சிறிதாக்கினால் உரியவன் விரலே தங்கிவிடும். ஆப்பிள் நிறுவனம் தன் கருவியைப் பற்றிச் சொல்லும் கணக்கு, ஏதோ ஒரு வேற்று விரல் தற்செயலாகப் பொருந்துவதற்கு 50,000-இல் ஒரு வாய்ப்பு என்பது. ஐந்து விரல்களைப் பதிந்துவைத்தால் அது 10,000-இல் ஒன்றாகிறது. நான்கிலக்க எண்ணைக் குருட்டாம்போக்கில் ஒரே முறையில் சரியாகச் சொல்லுவதற்கும் அதே வாய்ப்புத்தான். ஆகவே, தற்செயல் என்ற அளவில் விரல் நல்ல காவலே.

ஆனால் திருடன் தற்செயலை நம்பி வருவதில்லை. யோகஹாமாவில் சுதோமு மட்சுமோட்டோ என்ற ஆய்வாளர், மிட்டாய் செய்ய உதவும் ஜெலட்டினைக் கொண்டு போலி விரல் வார்த்து, அக்காலக் கருவிகள் பலவற்றை ஏமாற்றிக் காட்டியது 2002-இல். 2013 செப்டம்பரில் ஐபோனில் விரற்பூட்டு வந்தது. சில நாட்களுக்குள்ளேயே ஜெர்மானியக் கணினிக் குழு ஒன்று, கண்ணாடியில் படிந்த ரேகையைப் படமெடுத்து அதை வென்றது. 2019-இல் சாம்சங் நிறுவனத்தின் உயர்விலைக் கைபேசி ஒன்று, திரைமேல் சிலவகை மேலுறைகளை ஒட்டினால் எவர் விரலுக்கும் திறந்துகொண்டது; நிறுவனம் மென்பொருளைத் திருத்தி அனுப்ப வேண்டியதாயிற்று. இவற்றைக் கேட்டு நேயர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. பேருந்தில் கைபேசியைப் பறித்தோடுபவன் ஜெலட்டின் காய்ச்சிக்கொண்டிருக்க மாட்டான். கூட்டத்தில் நமது தோளுக்குமேல் எட்டிப் பார்த்து எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுபவனே மெய்யான பகைவன். அவன் முன்னிலையில் எண்ணைக் காட்டிலும் விரல் மேலானது.

அஞ்ச வேண்டிய இடம் வேறு. கைபேசியில் நமது ரேகை ஒரு கணக்குக் குறிப்பாக மாற்றப்பட்டு, அக்கருவிக்குள்ளேயே தனிப் பேழையொன்றில் அடங்கிக் கிடக்கிறது, வெளியே போவதில்லை. ஆதார் வழிப் பணம் பெறும் முறையிலோ நமது விரல் தொலைவிலுள்ள களஞ்சியத்தோடு ஒப்பிடப்படுகிறது. 2018-இல் தெலங்கானாவில், நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகைப் படங்களை வலைத்தளத்திலிருந்து எடுத்து ஒருவர் ரப்பர் அச்சுகள் செய்தது அகப்பட்டது. பாட்டன் மையில் தோய்த்து வைத்த கைநாட்டே பேரனுக்கு ஆபத்தாகக்கூடும் என்று யார் நினைத்திருப்பார்கள்! எண் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. ஆதாரில் விரற்பதிவைத் தேவையில்லாத வேளையில் பூட்டிவைக்க வசதி இருக்கிறது. ஊரில் நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் அதனைப் பயன்படுத்திக்கொள்வது நன்று.

கைநாட்டின் வரலாற்றில் நமது நாட்டுக்கும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1858 ஜூலையில் வங்காளத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை முழுவதையும் ஒப்பந்தத்தின் பின்புறத்தில் பதியச் செய்தார். பின்னர் 'அது என் கையொப்பமன்று' என்று மறுக்காதிருக்க ஓர் அச்சுறுத்தலாக. அவ்வாண்டு மார்ச்சில்தான் போர்ட் பிளேரில் கைதிக் குடியிருப்பு தொடங்கப்பட்டது. அக்குடியிருப்பில் கைதியின் அடையாளம் கழுத்தில் தொங்கிய மரவில்லையில் இருந்தது. 1877-இல் ஹூக்ளியில் ஹெர்ஷல், ஓய்வூதியம் பெறுவோரிடமும் சிறைக் கைதிகளிடமும் விரற்பதிவு வாங்கினார். செத்தவர் பெயரில் உயிரோடிருப்பவர் பணம் வாங்குவதைத் தடுப்பது ஒரு நோக்கம். 1897-இல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜீசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியருக்குப் பெரும் பங்குண்டு. புகழ் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போயிற்று. (அலுவலகங்களில் பணிபுரியும் நேயர்களுக்கு இது புதுமையாக இராது.)

ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை விரலால் மெய்ப்பிக்கும் அதே ஏற்பாடு 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்ற பெயரில் மின்முறையில் வந்தது. தேய்ந்த விரலோடு போராடிய முதியோருக்காக 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வழியும் சேர்க்கப்பட்டது. விரல் பொருந்தாமையால் மட்டும் ஒருவருக்கு உரிய உதவியை மறுக்கலாகாது என்பதை ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் அளித்த தீர்ப்பிலும் காணலாம்.

சட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. விரற்பதிவு கொடுப்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லுவதாகாது என்று 1961-இல் காதி காலு ஓகாத் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு கூறிற்று. மனத்திலுள்ள இரகசிய எண்ணைச் சொல்லும்படி வற்புறுத்தலாமா என்பதிலோ நீதிமன்றங்கள் வெவ்வேறு கருத்துகளை வெளியிட்டுள்ளன. விரல் உடம்பைச் சேர்ந்தது. எண் மனத்தைச் சேர்ந்தது. உறங்குபவன் விரலைப் பிறர் எடுத்து வைக்கலாம். அவன் எண்ணைப் பறிக்க முடியாது. அன்றிரவு அந்த அம்மாள் அன்பினால் செய்ததை வேறொருவர் வஞ்சகத்தாலும் செய்யக்கூடும். கருவிக்கு இரண்டும் ஒன்றே.

பெரியவர் கதையை முடிக்கவில்லை. அடுத்த வீட்டுப் பையன் ஓடிப்போய்ச் சமையலறைத் தட்டிலிருந்து வெறும் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தான். மருத்துவருக்கு அது போதுமானதாயிற்று. ஞாயிறு மாலை வழக்கம்போல் மகன் அழைத்தான். வரும் அழைப்பை எடுக்கப் பூட்டைத் திறக்க வேண்டுவதில்லை. அந்த அம்மாள் பேசத் தொடங்கி, பேச மாட்டாமல் கருவியை நம்மிடம் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து நாக்குத் திருந்தியதும் எண் என்ன என்று பெரியவரைக் கேட்டோம். அவர் கப்பலேறிய ஆண்டாம்! தெருவிலுள்ள குழந்தைகளுக்கும் மனப்பாடமான கதை அது. நமக்குத்தான் அன்று தோன்றவில்லை. ஊரறிந்த எண் வேண்டா என்று மாற்றச் சொன்னோம், மாற்றினார். ஆறிலக்கப் புது எண்ணை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்தார். அதை அந்த அம்மாள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. பூட்டிய திரையிலேயே எவரும் காணக்கூடிய அவசரக் குறிப்பில் மாத்திரைகளின் பெயரையும் மகனுடைய எண்ணையும் நாம் எழுதிக் கொடுத்தோம். வலக்கை இன்னும் முழுதாக வரவில்லை. ஆகவே இடக்கைச் சுட்டுவிரலைப் பதிந்துகொண்டார். பக்கத்தில் அந்த அம்மாளின் விரலையும் பதியச் சொன்னார். அது மூன்று முறை மறுத்து, நான்காம் முறை ஏற்றுக்கொண்டது.