ஏழாம் மாதத்தில் ஓர் ஊசி

(மாதுங்காவில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. படித்து, மத்திய சர்க்காரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். இன்று பேசப்போவது நான் செய்த தவறு ஒன்றைப் பற்றி.

எட்டு வருஷங்களுக்கு முன், செம்பூரில் என் பெண்ணுக்கு முப்பதாவது வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடவேண்டும் என்றார். "ஸ்டீராய்டா? எலும்பை அரித்துவிடுமே!" என்று நான் தடுத்தேன். பெண்ணும் தயங்கினாள். ஐந்து மணி நேரம் வீணாயிற்று. "உங்க பி.எஸ்ஸி.யை ஆத்துல வெச்சுக்கோங்கோ, டாக்டர் சொல்றதைக் கேளுங்கோ" என்று என் அகத்துக்காரி அதட்டியபிறகே ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற டாக்டர் ஆடுகளை ஆராய்ந்தபோது, இந்த மருந்து பெற்ற குறைமாத ஆட்டுக்குட்டிகள் எதிர்பாராமல் மூச்சுவிட்டன. 1972-ல் ஹௌவி என்பவருடன் சேர்ந்து, தாய்மார்களிடமும் அதன் பலனை நிரூபித்தார். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் திரவம் சீக்கிரம் சுரக்கிறது. மூளையில் ரத்தக்கசிவும் குறைகிறது.

இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியாயிற்று. ஊசி பெற்றவர்களின் குழந்தைகளில் 19.6 சதவீதமும், பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதமும் முதல் மாதத்துக்குள் இறந்தன. தாய்க்குத் தொற்று அதிகரிக்கவில்லை. சர்க்கரை வியாதி உள்ள தாய்க்குச் சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும், கவனிக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் ஸ்டீராய்டு வேறு. இரண்டே நாளில் முடியும் இது வேறு.

ஆனால் ஊசி மட்டும் போதாது. பிறந்தபின் கவனிக்க இடம் வேண்டும். தாராவிக்குப் பக்கத்திலுள்ள சயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி தொடங்கியது இத்தகைய சிசுக்களுக்காகத்தான்.

ஆகவே, சீமந்தத்துக்கு நாள் பார்க்கும்போதே, குறைமாதக் குழந்தையைப் பராமரிக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரி எது என்றும் பார்த்துவையுங்கள். முன்கூட்டியே வலி கண்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, உடனே கிளம்புங்கள். என்னைப்போல் பாதி தெரிந்தவர்கள் குறுக்கே பேசினால் உட்காரச் சொல்லுங்கள்.

பேத்தி இப்போது மூன்றாம் வகுப்பு. அந்த ஐந்து மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.