கழுத்துக்கும் வலு வேண்டும்



நாள் முழுவதும் உடம்பால் உழைக்கிறவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்று தோட்டத்துப் பெரியவர்கள் கேட்பதுண்டு. கைக்கும் காலுக்கும் அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தலாம். கழுத்துக்குப் பொருந்தாது.

காரணம் இதுதான். நம் தொழில் பெரும்பாலும் கழுத்தை அசைய விடாமல் ஒரே நிலையில் நிறுத்தி வைக்கிறது. கெடா மாநிலத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர், நீண்ட கழியில் பூட்டிய அரிவாளோடு அண்ணாந்து பார்த்தபடியே வேலை செய்கிறார். பால்மரம் சீவுகிறவர் தாழ்ந்த பட்டையைப் பார்த்துக் குனிகிறார். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலைக்குப் போகும் பிள்ளைகள், சிறு பொருள்களின் மீது குனிந்த தலையை நிமிர்த்துவதில்லை. வீடு திரும்பினால் கைத்தொலைபேசி வேறு!

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அதை 7 சிறிய எலும்புகளும் சுற்றியுள்ள தசைகளும் தாங்குகின்றன. தலை முன்னால் சாயச் சாயப் பளு கூடுகிறது. தசை களைத்து இறுகுகிறது, வலிக்கிறது. தைலம் தடவினால் வலி சற்றுத் தணியும். ஆனால் தசைக்கு வலு வராது.

பின்லாந்து நாட்டில் நெடுநாள் கழுத்துவலியுடைய 180 பெண் அலுவலர்களை ஓராண்டு கவனித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்தவர்களுக்கு, வெறுமனே நீட்டி மடக்கியவர்களைவிட வலி நன்றாகக் குறைந்திருந்தது.

வீட்டில் செய்யக்கூடிய எளிய முறையைச் சொல்கிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முதலில் தோள்களை மெல்ல உயர்த்தித் தாழ்த்துங்கள், 10 தடவை. பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையால் கையைத் தள்ளுங்கள். கை விட்டுக்கொடுக்கக் கூடாது, தலையும் அசையக் கூடாது. 5 எண்ணும்வரை நிறுத்தித் தளர்த்துங்கள். இப்படி 5 தடவை. அடுத்து விரல்களைக் கோத்துப் பின்தலையில் வைத்து அதேபோல் செய்யுங்கள். பிறகு வலப்பக்கம், இடப்பக்கம். கடைசியாக, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, மோவாயை உள்ளே இழுத்து 5 எண்ணுங்கள்.

மூச்சை அடக்க வேண்டாம். முதல் வாரம் பாதி பலத்தோடு தள்ளினால் போதும். வாரத்தில் 3 நாள் தவறாமல் செய்யுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

சில எச்சரிக்கைகள். முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்கச் சொல்லாதீர்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிய இடமுண்டு. கை மரத்துப்போதல், பிடி தளர்தல், தலைசுற்றல் இருந்தாலோ, கீழே விழுந்தபின் வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். சுளுக்கு என்று எண்ணி வழித்துவிட வேண்டாம்.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். செலவு ஒரு காசும் இல்லை. கைகால்களைப் போலக் கழுத்தும் நமக்கு உழைக்கிறது. அதற்கும் வலு சேர்ப்போம்.