பணிநீக்க அச்சமும் இல்லத்தின் துணையும்



வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஏரிப் பாசனத்தை நம்பி நெல்லும் மணிலாவும் விளைவித்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர், இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கணினி நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். மழை பொய்த்த ஆண்டில் எந்த உழவரையும் ஊர் திறமையற்றவர் என்று இகழ்ந்ததில்லை. ஏரி நிரம்பவில்லை என்பது அனைவரும் கண்ட செய்தி. அதனால் அதை மறைக்க வேண்டிய தேவையும் எவருக்கும் இருந்ததில்லை. ஆனால் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்யப்போகிறது என்னும் பேச்சு எழும்போது, அங்குப் பணிபுரிபவர் அதைத் தம் தனிக்குறையாக எண்ணி வீட்டாரிடமிருந்தே மறைக்கிறார். வேலை இழப்பைவிட இந்த மறைப்பே குடும்பத்திற்கு மிகுந்த துன்பம் தருகிறது என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேருக்கும் மேற்பட்டோரைக் குறைத்தது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும், கூகுளின் தாய் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகத் தெரிவித்தது. நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்போரையே அது மிகுதியாகத் தொடும் என்றும் கூறப்பட்டது. இத்தனை ஆயிரம் பேரும் ஒரே நாளில் தகுதி இழந்துவிடவில்லை. வாடிக்கையாளர்களின் செலவுச் சுருக்கம், தொழில்நுட்ப மாற்றம், மேலிடத்தின் வரவுசெலவுக் கணக்கு ஆகியவையே இதற்குக் காரணங்கள். அவற்றுள் எதுவும் ஓர் ஊழியரின் கையில் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் கொள்ளலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய, நாற்பத்து மூன்று வயதுடைய ஒருவர். இந்தக் காலாண்டில் சில மாற்றங்கள் வரும் என்று மேலாளர் சொல்லிச் செல்கிறார். அடுத்த வாரம் பக்கத்து இருக்கைகள் இரண்டு காலியாகின்றன. அவர் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கைப்பேசியில் மின்னஞ்சலைப் பார்க்கிறார். மகன் பள்ளிச் சுற்றுலாவிற்குப் பணம் கேட்டால் சினக்கிறார். ஊரிலிருந்து தந்தை தொலைபேசியில், "உடம்பு நல்லா இருக்காப்பா?" என்று கேட்கிறார். "நல்லா இருக்கேம்பா" என்று கூறி உடனே பேச்சை முடிக்கிறார். கணவருக்கு ஏதோ பெரிய நோய் வந்திருக்கிறது என்றோ, தம்மீது தீராத வெறுப்பு வந்துவிட்டது என்றோ மனைவி எண்ணிக் கலங்குகிறார். வேலை இன்னும் போகவில்லை. ஆனால் வீட்டின் அமைதி போய்விட்டது.

இது வெறும் கற்பனையச்சம் அன்று. அமெரிக்கத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, வேலை போய்விடுமோ என்னும் நீடித்த அச்சமே உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று கண்டது. உண்மையில் வேலை இழந்ததன் விளைவைக் கணக்கில் கொண்ட பின்னும் அந்த முடிவு மாறவில்லை. காத்திருத்தலே ஒரு சுமை. அதைத் தனியே சுமப்பது இன்னும் கொடிது.

அந்த எடுத்துக்காட்டிற்குத் திரும்பலாம். ஒருநாள் மனைவி, "என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. தெரியாம இருக்கிறதுதான் பயமா இருக்கு" என்கிறார். அன்றிரவு இருவரும் ஒரு குறிப்பேட்டுடன் அமர்கின்றனர். வீட்டுக்கடன் தவணை 38,000 ரூபாய். பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 12,000. உணவு, மருந்து, மின்சாரம், ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்ந்து 28,000. ஆக மொத்தம் 78,000. உடனே எடுக்கத்தக்க சேமிப்பு 4,70,000. ஒரு ரூபாய்கூட வருவாய் இல்லாவிட்டாலும் ஆறு மாதம் குடும்பம் நடக்கும். அடுத்த மாதமே தெருவில் நிற்க நேரும் என்று இரவுதோறும் சொல்லிக்கொண்டிருந்த அச்சத்திற்கு, அந்தத் தாள் ஆறு மாதம் என்று ஓர் எல்லை வகுத்துவிடுகிறது. கவலை தீரவில்லை, ஆயினும் அது இருவருடைய கவலையாகிறது. கணக்கில் ஆறு மாதம் வராமல் இரண்டே மாதம் வந்தாலும், அதை முன்னரே அறிந்திருப்பது நன்மையே.

இனிச் செய்யத்தக்கவை சில.

முதலாவது, பணியில் இருக்கும்போதே மருத்துவக் காப்பீட்டைக் கவனித்தல். நிறுவனம் தரும் குழுக் காப்பீடு பணி முடியும்போது பெரும்பாலும் முடிந்துவிடும். தனியே எடுக்கும் பாலிசியில், முன்பே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். ஆகவே வயது முதிர்ந்த பெற்றோர் உள்ள வீட்டில் இதனைத் தள்ளிப்போடுதல் தகாது.

இரண்டாவது, ஆவணங்கள். பணி நியமனக் கடிதம், ஊதியச் சீட்டுகள், மதிப்பீட்டு அறிக்கைகள், வருங்கால வைப்புநிதிக் கணக்கின் எண் ஆகியவற்றின் படிகள் வீட்டில் இருக்க வேண்டும். அலுவலகக் கணினி பூட்டப்பட்ட பின் அவற்றைப் பெறுதல் கடினம்.

மூன்றாவது, கையொப்பம். தாமாகவே விலகுவதாக எழுதித் தருமாறு கேட்கப்படும் இடங்கள் உண்டு. அவ்வாறு எழுதித் தந்தவர், ஆட்குறைப்பிற்குச் சட்டம் தரும் இழப்பீட்டைக் கோருவது கடினமாகும். அந்த அறையிலேயே கையொப்பமிடாமல், ஒரு நாள் அவகாசம் கேட்டு, தாளின் படியைப் பெற்று, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுதல் நலம். ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தருவதோடு, முழுமையான ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இருந்த விதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது தொடர்கிறது. மேலாளர் நிலையில் இருப்போருக்கு இப்பாதுகாப்பு பொருந்தாமல் போகலாம். அவர்களுக்கு நியமனக் கடிதத்தின் வாசகமே முதன்மையானது. 2015 ஜனவரியில், பணிநீக்கம் செய்யப்பட்ட கருவுற்ற மென்பொருள் ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி இடைக்காலத் தடை பெற்றார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

நான்காவது, பணிக்கொடை. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு இது உரிமை. கணக்கிற்குரிய கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். 52,000 ரூபாய் ஊதியத்தில் ஒன்பது ஆண்டு பணியாற்றியவருக்கு 2,70,000 ரூபாய் வரும்.

ஐந்தாவது, கடன். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் வங்கி அதனை வாராக்கடனாகக் கருதும். ஒரு தவணையும் தவறும் முன்பே வங்கிக்குச் சென்று நிலையை எடுத்துரைப்பவருக்குப் பேச்சுக்கு இடமுண்டு. வருங்கால வைப்புநிதியை முதலில் உடைத்தலாகாது. எவ்வளவு வறட்சியிலும் விதைநெல்லைக் குத்தி உண்ணாத உழவர் மரபில் வந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

வேலை போனபின் நாள்களை எவ்வாறு கழிப்பது என்பது மற்றொரு வினா. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்னும் சிற்றூரின் நெசவாலை 1930ஐ ஒட்டி மூடப்பட்டது. அவ்வூர் மக்களின் வாழ்வை ஆராய்ந்தவர்கள் 1933இல் ஒரு நூல் வெளியிட்டனர். வேலை இல்லாததால் நேரம் மிகுந்திருந்தும், ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட நூல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆடவர் தெருவில் நோக்கமின்றி நின்றனர். பொழுது மிகுந்தால் மட்டும் பயன் விளைந்துவிடாது. பொழுதிற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது. ஆகவே வேலை இழந்தவர் வழக்கமான நேரத்தில் எழுந்து, காலையில் வேலை தேடுவதற்கும் புதியன கற்பதற்கும், மாலையில் நடைக்கும் பிள்ளைகளுக்கும் நேரம் வகுத்துக்கொள்ளுதல் நன்று. உறக்கமின்மையும் வாழ்வில் வெறுப்பும் தொடர்ந்தால், 14416 என்னும் டெலி-மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். அதில் இழிவு ஏதுமில்லை.

இறுதியாக, இங்குக் கூடியிருப்போர் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். விழாவிற்கு வரும் இளைஞரைக் கண்டவுடன், "எந்தக் கம்பெனி? சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அன்பினால் கேட்கப்படும் கேள்விதான் அது. ஆயினும் வேலை ஆட்டம் கண்டிருக்கும் ஒருவர் அந்தக் கேள்விக்கு அஞ்சியே அடுத்த ஆண்டு விழாவிற்கு வராமல் இருந்துவிடுகிறார். துணை மிகுதியாகத் தேவைப்படும் காலத்திலேயே உறவினரிடமிருந்து விலகிப்போகிறார். "வீட்டில் அனைவரும் நலமா?" என்று மட்டும் கேட்டால், சொல்ல விரும்புபவர் தாமே சொல்வார். ஓய்வுபெற்ற வழக்கறிஞர்களும் கணக்காய்வாளர்களும் பணியாளர் துறையில் இருந்தோரும் மாதம் ஒருநாள் இம்மண்டபத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்தால், ஐயத்தோடு வரும் ஒரு குடும்பமேனும் தெளிவோடு திரும்பும். அன்று ஏரி வற்றியபோது ஊர் கூடிப் பேசியது போல, வேலை நிலைகுலையும் இக்காலத்திலும் வீடும் சுற்றமும் மனம்விட்டுப் பேசட்டும்.