சம்பளம் உயர்ந்தால் வைத்தியம் போவதா?
(ஆலைத் தொழிலாளர் வாயிற்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955-ல் நமது கோவைக்கு வந்தது. முதலாளியும் தொழிலாளியும் சந்தா கட்டுவது, வியாதி வந்தால் குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் பெறுவது என்பதே ஏற்பாடு.

இன்று நடப்பது என்ன? 2017 ஜனவரியில் சம்பள வரம்பு 21,000 ரூபாய் ஆயிற்று. அதன்பின் 8 ஆண்டுகள் கடந்தும் அது உயரவில்லை. அரிசி விலை ஏறியது, வாடகை ஏறியது, வரம்பு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது! அந்த ஆண்டுகளில் 21,000 வாங்கியவர் போராடி 500 ரூபாய் கூடுதலாகப் பெற்றால், நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் திட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். 500 ரூபாயில் எந்த ஆஸ்பத்திரி வைத்தியம் பார்க்கும்?

2019 ஜூலையில் சந்தாவையும் 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். 20,000 ரூபாய் சம்பளத்தில் தொழிலாளிக்கு மாதம் 200 ரூபாய் மிச்சம். முதலாளிக்கோ ஆளுக்கு 300 ரூபாய் மிச்சம். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் அது மாதம் 3 லட்சம்!

“இ.எஸ்.ஐ. போனால் என்ன, கம்பெனியே குரூப் பாலிசி எடுத்துத் தருகிறது” என்கிறார்கள். தோழர்களே, அந்தப் பாலிசியைப் படித்துப் பாருங்கள். தொகைக்கு உச்சவரம்பு உண்டு. பல பாலிசிகளில் வயதான தாய் தந்தையருக்கு இடமில்லை. வியாதியால் வேலைக்குப் போகாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. 70 சதவீதச் சம்பளம் தருகிறது, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. ஆஸ்பத்திரி பில் கட்டும் பாலிசி இதைத் தருமா? வேலை போனால் பாலிசியும் போகும். தனிப் பாலிசிக்கு மாறலாம் என்றாலும், முழு பிரீமியத்தையும் வேலையிழந்தவரே கட்ட வேண்டும்.

இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் நீண்ட வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, டாக்டர் பற்றாக்குறை என்ற புகார்கள் உண்மையானவை. ஆனால் கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவோம், வீட்டையா விற்போம்?

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று: சம்பள வரம்பை விலைவாசியோடு இணைத்து உயர்த்து! மருந்தகங்களில் டாக்டர்களையும் மருந்தையும் நிரப்பு! குரூப் பாலிசி இருக்கும் இடங்களில் அதன் ஷரத்துக்களை யூனியனோடு பேசித் தீர்மானி!

வைத்தியம் முதலாளியின் தயவு அல்ல, உழைப்பவரின் உரிமை. அந்த உரிமையைக் காக்க ஒன்றுபடுவோம்!